இந்த மாதத் தலைப்பு

எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரைக்குப் போனால் முழங்கால்வரை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் மூன்று வருடமாக ஒரு நீரடிப் புகைப்படச் சங்கத்தின் மாதப் போட்டியை ஒரு மாதம்கூட விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன் என்று சொன்னால், காலை நடைக்கு வரும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "பேசின் பிரிட்ஜ்ல உக்காந்துகிட்டு என்ன சார் நீரடிப் படம்? நம்ம கால்வாய்ல எட்டிப் பாத்தா தண்ணியே தெரியாதே!" என்றார் ஒருவர். அவர் சொன்னதும் சரிதான். அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். என் அக்கா பிரான்சில், துலோன் பக்கத்தில் இருக்கிறாள். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அத்தான் வீட்டில் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கொடுக்கவில்லை. கல்யாணமாகி அவள் கப்பலேறிப் போனாள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நான் சென்னைக்கு வந்து அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்பு எழுதி ஓய்வு பெற்றேன். படித்த பிரெஞ்சு அலமாரியில் மடித்து வைத்த கோட்டு மாதிரி அப்படியே கிடந்தது.

அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிற வியாதி. முழுக் குருடு இல்லை. நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை, அதைச் சுற்றி ஓரங்கள் மட்டும் தெரியும். "எதை நேராப் பாக்கறேனோ அது மட்டும் தெரியாதுடா தம்பி. மத்ததெல்லாம் தெரியும்" என்பாள். முகம் தெரியாது, எழுத்து தெரியாது, படம் தெரியாது.

அவளுடைய மகன் வழிப் பேத்தி ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். சனி, ஞாயிறு ஆனால் கடலுக்கடியில்தான் இருப்பாள். அவள் சேர்ந்திருக்கும் முக்குளிப்போர் சங்கத்தில் நாற்பது பேர் போல. மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை கூடுவார்கள். அடுத்த மாதத்துக்கு ஒரு தலைப்பு சொல்வார்கள். ஆளுக்கு ஒரே ஒரு படம். எடுத்தவர் பெயர் சொல்லாமல் திரையில் காட்டி, எல்லோரும் மதிப்பெண் போடுவார்கள். பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பாட்டில் ஒயின். ஆனால் அதற்காக ஜனவரிக் குளிரிலும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

மூன்று வருடம் முன்பு அந்தப் பெண் எனக்கு ஒரு படத்தை அனுப்பி, "தாத்தா, இதை நீங்க பாட்டிக்குத் தமிழில் சொல்ல முடியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அவளே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியும், அறுபது வருடமாக அதில்தான் காய்கறி வாங்குகிறாள். ஆனால் அவள் சொன்னாளாம்: "பிரெஞ்சில் கேட்டா புரியுது. தமிழில் கேட்டாத்தான் தெரியுது."

இப்படித்தான் நான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் எனக்கும் அக்காவுக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. 1989இல் அப்பா தவறியபோது அவளால் வர முடியவில்லை. அந்தக் கோபத்தில் நான் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல பிரெஞ்சில், அலுவலகக் குறிப்பு மாதிரி 1, 2, 3 என்று எண் போட்டு, மகள் என்ற முறையில் அவள் செய்யத் தவறியவற்றைப் பட்டியலிட்டேன். பதில் வரவில்லை. பிறகு பொங்கலுக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். "சாப்பிட்டியா, அங்கே குளிரா, இங்கே மழையா", அவ்வளவுதான். முப்பது வருடம் அப்படியே போயிற்று.

முதல் மாதத் தலைப்பு 'உருவப்படம்'. அதாவது ஏதாவது ஒரு உயிரினத்தின் முகம். பேத்தி அனுப்பியது ஒரு களவா மீன். அங்கே அதை 'மேரூ' என்பார்கள். தடித்த உதடு, சந்தேகத்தோடு பார்க்கிற கண், வயசான ஹெட்கிளார்க் மாதிரி முகம். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு மீன் இருக்கு அக்கா. பெரிசா இருக்கு" என்றேன். "சரி" என்றாள். போன் முடிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கே வெட்கமாகிவிட்டது. மறுநாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வழி கோப்பு எழுதுகிற வழிதான். மேல், கீழ், இடம், வலம், நடு. என்ன இருக்கிறது, எத்தனை, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் பார்க்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது. கடைசியில் மட்டும் 'இது பற்றிய கருத்து' என்று ஒரு வரி. அதைப் படித்துக்காட்டினேன். அக்கா பாதியில் நிறுத்தி, "கண்ணு எந்த நிறம்? உதட்டுல வெள்ளைப் புள்ளி இருக்கா?" என்று கேட்டாள். நான் மறுபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. நான் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கு நாற்பது நிமிடம் பேசினோம்.

பார்த்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அது எப்படி உண்டாயிற்று என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? படிக்க ஆரம்பித்தேன். மடித்து வைத்த பிரெஞ்சும் வெளியே வந்தது.

தண்ணீருக்கடியில் முதன்முதலாகப் படம் எடுத்தவர்களில் முக்கியமானவர் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு உயிரியலாளர். ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் பனியூல் என்ற ஊரின் கடல் ஆய்வுக்கூடத்தில் 1893இல் தொடங்கினார். பித்தளைத் தொப்பி வைத்த பழைய காலத்து முக்குளிப்பு உடையில் இறங்கி, சகோதரர் வடிவமைத்துக் கொடுத்த தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்து எடுத்திருக்கிறார். வெளிச்சம் போதாது. ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு ஆக்சிஜன் நிரப்பிய பீப்பாயின் மேல் விளக்கு வைத்து, அதில் மக்னீசியத் தூளை ஊதிப் பளிச்சென்று எரியவைத்திருக்கிறார். இன்று பேத்தி கையில் பிடித்திருக்கும் ஃப்ளாஷுக்குப் பாட்டனார் அந்தப் பீப்பாய்தான். 1900இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அண்ணன் தம்பி சேர்ந்து செய்த வேலை என்று நான் சொன்னபோது அக்கா, "நாம என்ன செஞ்சோம்?" என்று சிரித்தாள்.

வெளிச்சம்தான் இதில் எல்லாம். தண்ணீர் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதுவும் நிறம் நிறமாகத் தின்னும். முதலில் போவது சிவப்பு. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் காணாமல் போய்விடும். அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும். இருபது மீட்டர் ஆழத்தில் கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் கருப்பாகத்தான் தெரியுமாம். ஃப்ளாஷ் அடித்தால் நிறம் திரும்பி வரும், ஆனால் பக்கத்தில் இருப்பதற்கு மட்டும். அதனால் இவர்களுடைய முதல் பாடம்: கிட்டே போ. இரண்டாவது பாடம்: இன்னும் கிட்டே போ. ஒரு மீட்டருக்குள் போனால்தான் படம். தூரத்தில் நின்று ஜூம் பண்ணுகிற வேலை அங்கே நடக்காது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கையில் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் வேறு தெரியும். கண்ணையும் நம்ப முடியாது.

இன்னொரு தொல்லை தூசி. தண்ணீரில் மிதக்கும் துகள்கள் மேல் ஃப்ளாஷ் பட்டால், ராத்திரி மழையில் ஹெட்லைட் போட்ட மாதிரி படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. அதற்காக விளக்கை இரண்டு பக்கமும் நீண்ட கையில் விலக்கி வைக்கிறார்கள். மணலைத் துடுப்பால் கிளறாமல் மிதக்கத் தெரிய வேண்டும். நல்ல படம் எடுப்பவர் முதலில் நல்ல முக்குளிப்பவராக இருக்க வேண்டும் என்பாள் பேத்தி.

மாதப் போட்டி என்பது ஒன்றும் புதிதல்ல. நம் மெட்ராஸிலேயே 1857இல் புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. ஓவியப் பள்ளியை ஆரம்பித்த டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதற்கும் முன்னின்றவர். நீரடிப் படத்துக்கென்றே லண்டனில் 1967இல் ஒரு சங்கம் உண்டானது. காலின் டோக், பீட்டர் ஸ்கூன்ஸ் என்ற இரண்டு பேர் ஆரம்பித்தது. அதற்கு நாலு வருடம் முன்புதான், 1963இல், நிக்கான் கம்பெனி 'நிக்கானோஸ்' என்ற கேமராவைக் கொண்டுவந்திருந்தது. பெட்டி எதுவும் வேண்டாம், அப்படியே தண்ணீரில் இறக்கலாம். அதன் மூல வடிவம் கூஸ்தோவின் கப்பல் பெயரைத் தாங்கிய 'கலிப்சோ' கேமரா. அதுவரை நிபுணர்கள் செய்த வேலை, சம்பளக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. ஆள் கூடினால் சங்கம். சங்கம் கூடினால் போட்டி.

கூஸ்தோ என்றதும் நினைவு வருகிறது. அவரும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்' 1956இல் கான் விழாவில் பெரிய பரிசு வாங்கிய படம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அதைத் திரையிட்டார்கள். அதில் பவளப்பாறையில் வெடி வைத்து, செத்து மிதக்கும் மீன்களை எண்ணுகிற காட்சி உண்டு. சுறாக்களைக் கோடாரியால் வெட்டுகிற காட்சியும் உண்டு. நாங்கள் கை தட்டினோம். இன்று பேத்தியின் சங்கத்தில் விதி என்ன தெரியுமா? எந்த உயிரையும் தொடக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, சீண்டக் கூடாது. அந்தக் களவா மீனை ஈட்டியால் வேட்டையாடுவது அங்கே 1993 முதல் தடை. அதனால்தான் அது பயமில்லாமல் கேமராவுக்கு முன் வந்து முகம் காட்டுகிறது. ஒரு ஆயுசுக்குள் கடல் கொஞ்சம் திரும்பி வந்ததை நானே இரண்டு காட்சியாகப் பார்த்துவிட்டேன்.

தலைப்பு எதற்கு, அவரவருக்குப் பிடித்ததை எடுத்தால் போதாதா என்று முதலில் நினைத்தேன். போதாது என்று இப்போது புரிகிறது. தலைப்பு இல்லாவிட்டால் எல்லோரும் அழகான மீனைத்தான் எடுப்பார்கள். 'நேர்க்கோடு' என்று தலைப்புக் கொடுத்தால் அதே பாறையில் இதுவரை பார்க்காத ஒன்றைத் தேட வேண்டும். 'எல்லோரும் கடந்து போவது' என்று ஒரு மாதம் வைத்தார்கள். ஒருவர் நங்கூரச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியை எடுத்தார். அதில் கடற்பாசி, சிப்பி, குட்டி நண்டு, ஒரு குடும்பமே குடியிருந்தது. பேத்தி பொசிடோனியா என்கிற கடற்புல்லின் ஒரு இலையை எடுத்தாள். இலை நுனியில் மிளகு அளவில் ஒரு நத்தை.

'ஒளிந்திருப்பது யார்?' என்ற மாதம்தான் எனக்குப் பெரிய சோதனை. படத்தில் பாறை மட்டும்தான் தெரிந்தது. இருபது நிமிடம் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். பிறகு பாறைக்கு ஒரு கண் இருப்பது தெரிந்தது. அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் வாய், வாயிலிருந்து தாடி போன்ற சதை, அப்புறம் முதுகு முள். முழு மீன்! 'ராஸ்காஸ்' என்கிற தேள்மீன். மர்சேய் ஊர் மீன்குழம்பில் இது இல்லாவிட்டால் அங்கே குழம்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது? மீன் என்று முதலிலேயே சொன்னால் ஒளிந்திருந்தது போய்விடும். அதனால் நான் பார்த்த வரிசையிலேயே சொன்னேன். பாறை, பாறை, சிவப்புப் பாசி, பாறை, ஒரு கண். அக்கா, "அய்யோ!" என்றாள். சின்ன வயதில் பயமுறுத்தினால் கத்துவாளே, அதே குரல்.

அவ்வளவு சுகமாகப் போய்க்கொண்டிருந்ததை நானே ஒரு மாதம் கெடுத்தேன்.

அந்த மாதத் தலைப்பு 'இரண்டு'. பேத்திக்கு அப்போது நேரம் சரியில்லை. வேலையில் ஏதோ மனக்கசப்பு, சிநேகிதன் ஒருவனோடு பிரிவு. அக்கா அவளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள். வந்த படமும் மோசம். இரண்டு கணவாய்கள். ஒன்று மங்கல், இன்னொன்றின் தலை படத்துக்கு வெளியே. தூசி வேறு. நான் என்ன செய்தேன்? இரண்டு கணவாய்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, கைகோத்த மாதிரி, பின்னால் நீலம், அற்புதம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று ராத்திரியே பேத்தியைக் கூப்பிட்டு, எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறாய் என்றிருக்கிறாள். அந்தப் பெண், "பாட்டி, என் படம் கடைசி இடம். ஒரு கணவாய்க்குத் தலையே இல்லை" என்றிருக்கிறாள்.

இரண்டு வாரம் அக்கா என் போனை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் எடுத்தாள். நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"தம்பி, அப்பா செத்தப்ப நீ ஒரு லெட்டர் போட்டே. ஞாபகம் இருக்கா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அதுல நீ எழுதினதெல்லாம் உண்மை. நான் வரலே. பணம் அனுப்பலே. அம்மாவைக் கூட்டி வெச்சுக்கலே. படிச்சிட்டு நாலு நாள் சோறு எறங்கலே. ஆனா பொய் ஒண்ணும் இல்லேன்னு தெரியும். அதனாலதான் இந்தப் பொண்ணு தமிழ்ல சொல்ல ஆள் தேடினப்ப உன்னைக் கேக்கச் சொன்னேன். என் தம்பி பாத்ததைத்தான் சொல்லுவான்னேன். இப்ப நீ எனக்குப் பொய் சொன்னா, நான் யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். கணவாய்க்காகவும், கடிதத்துக்காகவும் சேர்த்துத்தான் கேட்டேன். அவள், "சரி, இப்ப படத்தைச் சரியாச் சொல்லு" என்றாள். தலையில்லாத கணவாயை மறுபடி சொன்னேன். மங்கல், தூசி எல்லாவற்றையும் சொன்னேன். "பாவம், கை நடுங்கியிருக்கும் கொழந்தைக்கு" என்றாள். என் பொய்யில் அவளுக்குக் கிடைக்காத செய்தி அந்த மோசமான படத்தில் இருந்தது.

சென்ற பிப்ரவரியில் பேத்தி சென்னைக்கு வந்தாள். பத்து நாள் எங்கள் வீட்டில். வந்த மறுநாள் அந்த மாதத் தலைப்பைச் சொன்னாள்: 'வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீர்'. "தாத்தா, உங்க வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணி எது?"

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர் வரைக்கும் காக்ரேன் கால்வாயாக வெட்டியது, 1878இல் பக்கிங்காம் கவர்னர் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் படகில் வந்து இறங்கிய வழி. இன்று ரயிலிலிருந்து பார்ப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிற இடம். பாலத்தின் மேல் நின்று காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. துலோனிலிருந்து கூப்பிடு தூரத்தில் போர்க்ரோ தீவு. அங்கே கடலையும் சேர்த்து 1963லேயே தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள். நான் காட்டியது இதை. "பாண்டிச்சேரி போயிடலாமா? அங்கே கடல் தெளிவா இருக்கும், முக்குளிக்கக் கூட்டிப் போறவங்களும் இருக்காங்க" என்றேன்.

"ஆனா தலைப்பு அது இல்லையே தாத்தா" என்றாள்.

பேசின் பிரிட்ஜிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்தோம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகருக்கு முன்னால் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். பக்கிங்காம் கால்வாயும் அந்தக் கழிமுகத்தில்தான் வந்து சேருகிறது. சுற்றிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், ஆற்றில் சாம்பல், ஆலைக் கழிவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து ஆறு முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் படகில் போய் மக்கால் மொண்டு பேரலில் ஊற்றிய காட்சியை டிவியில் எல்லோரும் பார்த்தோம்.

அந்தத் தண்ணீரில் கழுத்தளவு இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் பலர். எம். பழனி குமார் என்ற புகைப்படக் கலைஞர் இவர்களைப் படமெடுத்திருக்கிறார். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் அவர் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்திருந்ததால்தான் எனக்கு இங்கே வரத் தோன்றியது.

நாங்கள் போனபோது நாலைந்து பெண்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வாயில் ஓலைக் கூடையைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்குள். கரைக்கு வந்த ஒருவரிடம் பேத்தியின் சார்பில் நான் கேட்டேன். என் வயதை ஒட்டியவர். சிரித்தார். "தண்ணிக்குள்ள போட்டோவா? உள்ள என்னம்மா தெரியும்? எங்களுக்கே ஒண்ணும் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."

பேத்தி அதை இரண்டு முறை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அவளைத் தண்ணீரில் இறங்க நான் விடவில்லை. அந்த அம்மா தினமும் இறங்குகிற தண்ணீரில் என் வீட்டுப் பெண் இறங்கக் கூடாது என்று நான் தடுத்ததை அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. படகிலிருந்து குச்சியில் சின்னக் கேமராவைக் கட்டி, அவர் கைக்குப் பக்கத்தில் இறக்கி எடுத்தாள். முந்நூறு படமாவது எடுத்திருப்பாள். முக்கால்வாசி வெறும் இருட்டு. ஃப்ளாஷ் போட்டால் வெறும் தூசி. துலோனில் இருபது மீட்டர் தெரிகிறது என்றால் இங்கே ஒரு சாண்கூடத் தெரியாது. 'கிட்டே போ' என்ற அந்தப் பாடத்தை இதைவிடக் கடுமையாகச் சொல்லித்தர ஒரு கடல் இருக்காது.

ஒரே ஒரு படம் தேறியது. அதைத்தான் அனுப்பினாள். 37 படங்களில் 31ஆவது இடம் வந்தது. தெளிவு போதாது, தூசி அதிகம், பொருள் என்னவென்று புரியவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அவர்கள் கணக்கில் அது நியாயம்தான். சாயங்காலம் சூரியன் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி ஒரு படம் ஒயின் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனது.

முதல் வெள்ளிக்கிழமை கழிந்த ஞாயிறு அக்கா கூப்பிட்டாள். "நம்ம ஊர்த் தண்ணியாமே? சொல்லு."

தாளில் எழுதி வைத்திருந்தேன். படித்தேன். மேல் பாதி டிகாஷன் நிறம். கீழே போகப் போகக் கறுப்பு. நீலம் எங்கும் இல்லை. படம் முழுக்க வெள்ளைத் துகள். வலது மேல் மூலையில் எண்ணெய்ப் படலம் போல ஒரு வானவில் பளபளப்பு, விரல் அகலம். இடப்பக்கத்திலிருந்து ஒரு கை வருகிறது. முழங்கைக்கு மேல் இருட்டு. மணிக்கட்டில் ரப்பர் வளையல் ஒன்று. தோல் சுருங்கி வெளுத்திருக்கிறது. விரல்கள் விரிந்து சேற்றுக்கு மேல் நிற்கின்றன. சுண்டுவிரல் பக்கம் இரண்டு மெல்லிய கோடுகள். இறாலின் மீசை. இறால் தெரியவில்லை.

இத்தனை அழுக்கையும் அவளிடம் சொல்ல எனக்கு மனசில்லை. அறுபது வருடம் முன்பு அவள் விட்டுப் போன ஊர்க்கடல் அவளுக்குள் வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எறா பிடிபட்டுதா?" என்று கேட்டாள்.

"படத்துல தெரியலே அக்கா. ஆனா அந்தம்மா பிடிச்சாங்க. நான் பாத்தேன்."

"பிடிப்பா. மீசை இந்தப் பக்கம் இருந்தா அது பின்னாலதான் குதிக்கும். கையை அங்கே கொண்டுபோய் வெச்சிருப்பா" என்றாள். "அரியாங்குப்பம் ஆத்துல நாம தடவலையா? நீ நண்டு கடிச்சிட்டு ஓன்னு அழுதே. அப்பா உன் விரலை வாயில வெச்சு ஊதினாரு. அந்தத் தண்ணியும் கலங்கல்தான்டா. எனக்கு அப்பவே கண்ணு தேவைப்படலே."

எனக்கு அந்த நண்டு சுத்தமாக மறந்துபோயிருந்தது. அப்பா ஊதியதும்.

பிறகு அவள் பேத்தியைக் கூப்பிட்டு, அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டச் சொல்லியிருக்கிறாள். நேராகப் பார்த்தால் அவளுக்கு அது தெரியாது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தால் ஓரத்தில் ஒரு கை இருப்பது தெரிகிறதாம்.

நேற்று அடுத்த தலைப்பு வந்திருக்கிறது: 'இரவு'. பேத்தி டார்ச் விளக்குக்குப் புது பேட்டரி வாங்கியிருக்கிறாள். நான் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன்.